சனிக்கிழமை இரவு பத்து மணி

சென்ற ஆண்டு இறுதியில், எனக்கு நன்கு தெரிந்த ஒரு தம்பி, தாமும் தம் நண்பரும் மூன்று ஆண்டுகளாக வேலை முடிந்த மாலைகளிலும் வார இறுதிகளிலும் உருவாக்கிவந்த ஒரு கணினி விளையாட்டை என்னிடம் கொடுத்து, "அக்கா, நல்லா இருக்குன்னு சொல்ல நிறைய பேர் இருக்காங்க. நீங்க குறையைச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார். முறைவைத்து ஆடும் வியூக விளையாட்டுகளை நான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆடிவருவது அவருக்குத் தெரியும். கடந்த ஐந்து மாதங்களில் நான் அவர்களிடம் சொன்னவற்றையும், அவற்றுள் எவை பலன் தந்தன என்பதையும் அவர்களின் ஒப்புதலுடன் இங்கே எழுதுகிறேன். இதே போன்ற முயற்சியில் இறங்கியிருக்கும் தமிழ் இளையர்கள் சிங்கப்பூரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பயன்படக்கூடும். ஆட்டத்தின் பெயரை வெளியீட்டு நாளன்று அவர்களே சொல்வார்கள்.

ஆட்டத்தின் களம் வங்கக் கடல். தொடங்கும் ஆண்டு 1088. சுமத்திராவின் பாரூஸ் பகுதியில் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் தமிழில் கல்வெட்டுப் பொறித்த ஆண்டு அது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு வணிகக் குழுவை நடத்துகிறார். நாகப்பட்டினத்திலிருந்து துணி ஏற்றிக் கடாரத்துக்குப் போகலாம், பாரூஸுக்குப் போய்க் கற்பூரம் வாங்கலாம், காற்று மாறும்வரை துறைமுகத்திலேயே தங்கிப் பண்டகசாலை கட்டலாம். ஒரு முறை என்பது ஒரு மாதம். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் மாறி மாறி வீசுகின்றன. காற்றோடு போகும் கப்பல் ஒரு மாதத்தில் நான்கு கட்டம் நகரும், எதிர்த்துப் போனால் ஒரே கட்டந்தான். இரண்டு முதல் நான்கு பேர் வரை ஆடலாம். நான் ஆடிப் பார்த்த வரையில், காற்றுக்காகக் காத்திருப்பதா, நட்டப்பட்டாலும் கிளம்பிவிடுவதா என்ற அந்த ஒற்றைக் கேள்வியிலேயே ஒரு நல்ல வியூக விளையாட்டு இருக்கிறது.

அவர்கள் என்னிடம் முதலில் கேட்டது விளம்பரத்தைப் பற்றி. சோதனைப் பதிப்பை ஏறத்தாழ 200 பேர் தரவிறக்கியிருந்தார்கள், ஆனால் எப்போது போனாலும் இணையத்தில் கூட்டு ஆட்டத்துக்கான அறை காலியாகவே இருந்தது. சேமிப்பிலிருந்து சில ஆயிரம் வெள்ளியை விளம்பரத்தில் போட்டால் ஆயிரம் பேராவது வருவார்கள் அல்லவா என்பது அவர்களின் எண்ணம். வேண்டாம் என்று நான் அழுத்திச் சொன்னேன். வந்த 200 பேரில் பெரும்பாலோர் ஏன் இரண்டாம் நாள் திரும்பவில்லை என்று தெரியாமல் இன்னும் ஆயிரம் பேரை அழைப்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை.

அதைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்தது மிகவும் எளிய காரியம். எங்கள் புளோக்கின் அடித்தளத்தில், சதுரங்கக் கட்டம் பதித்த கல் மேசை ஒன்று இருக்கிறது. ஒரு ஞாயிறு காலை அந்த மேசையில் மடிக்கணினியை வைத்து, அந்த ஆட்டத்தை அதுவரை பார்த்தே இராத ஐந்து பேரை ஒருவர் பின் ஒருவராக உட்கார வைத்தோம். தம்பி வாயைத் திறக்கக் கூடாது என்பதுதான் நான் விதித்த ஒரே நிபந்தனை. தம் ஆட்டத்தை ஒருவர் தவறாகப் புரிந்துகொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது, ஆக்கியவருக்கு எவ்வளவு கடினம் என்பதை அன்று அவர் முகத்தில் பார்த்தேன். ஆனாலும் அவர் பேசவில்லை.

மூன்றாவதாக உட்கார்ந்தவர் எட்டாவது மாடியில் இருக்கும் ஒரு தாதி. கைப்பேசியில் புதிர் விளையாட்டுகளை ஆடுபவர், பொறுமைசாலி. கடாரத்தில் சரக்கை விற்றுவிட்டு நாகப்பட்டினம் திரும்ப முடிவு செய்தார். திரையின் மூலையில் இருந்த வட்டத்தைப் பார்த்தார். அதில் "தென்மேற்கு" என்று எழுதி, வட்டத்தின் தென்மேற்கு விளிம்பில் ஒரு சிறு முக்கோணமும் ஒட்டியிருந்தது. விரலை அதன்மேல் வைத்து, "காற்று இந்தப் பக்கம் போகுது, நமக்கு இந்தப் பக்கந்தான் போகணும்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு கப்பலைக் கிளப்பினார். ஒரு கட்டம் நகர்ந்தது. அடுத்த மாதம் இன்னொரு கட்டம். நான்காம் மாதம் புயல் வந்தது. "இந்தக் கப்பல் ஏன் நகரவே மாட்டேங்குது?" என்று கேட்டுவிட்டு எழுந்துகொண்டார்.

காற்றுக்கு அது புறப்படும் திசையை வைத்தே பெயர் சொல்வது வழக்கம். தென்மேற்குக் காற்று தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி வீசுவது. காற்றுத் திசைகாட்டியின் முனையும் காற்று வரும் பக்கத்தைத்தான் காட்டும். தம்பி அந்த முறைப்படி சரியாகவே வரைந்திருந்தார். ஆனால் திரையில் ஒரு முனையைக் கண்டவுடன், போகும் திசையை அது காட்டுகிறது என்றுதான் பெரும்பாலோர் எடுத்துக்கொள்கிறார்கள். அன்று வந்த ஐந்து பேரில் மூவர் அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

இதில் என்னை வருந்த வைத்த செய்தி வேறொன்று. முன்பே பலர், "கப்பல் மிகவும் மெதுவாகப் போகிறது, வேகத்தைக் கூட்டுங்கள்" என்று ஆட்டக்காரர்கள் கூடிப் பேசும் டிஸ்கார்டு தளத்தில் எழுதியிருந்தார்கள். அவர்கள் சொல்லைத் தட்டாமல், முன்பு மூன்று கட்டமாக இருந்த வேகத்தை நான்காக உயர்த்தினார்கள் இவர்கள்; எதிர்க்காற்றின் தண்டனையையும் ஒரு பதிப்பில் தளர்த்தி, ஆட்டத்தின் சுவை கெட்டதால் பிறகு திரும்பப் பெற்றார்கள். இரண்டு மாத உழைப்பு அதில் போயிற்று. ஆட்டக்காரர் தமக்கு வலிக்கும் இடத்தை மிகச் சரியாகச் சொல்வார். மருந்தையும் அவரே சொல்லும்போது, அதை அப்படியே கொடுத்துவிடாமல், அந்த வலி எங்கிருந்து கிளம்புகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியது ஆக்குபவரின் கடமை. முக்கோணத்தை எடுத்துவிட்டு, கடல்மேல் காற்று வீசும் திசையிலேயே மெல்லிய வெண்கோடுகள் ஓடும்படி மாற்றினார்கள். அதற்குப் பிறகு, கப்பல் மெதுவாகப் போகிறது என்று ஒருவர்கூட எழுதவில்லை.

புயலைப் பற்றிய புகாரையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டியிருந்தது. கப்பல் மூழ்கும் வாய்ப்பு நூற்றுக்கு 20 என்று காட்டிய இரண்டு பயணங்களில் அடுத்தடுத்து இரண்டு கப்பலை இழந்த ஒருவர், ஆட்டம் ஏமாற்றுகிறது என்று எழுதினார். ஐந்தில் ஒன்று அடுத்தடுத்து இரு முறை நேர்வதற்கான வாய்ப்பு இருபத்தைந்தில் ஒன்று. நூற்றுக்கணக்கான பயணங்கள் நடக்கும் ஓர் ஆட்டத்தில் அது யாருக்காவது நேர்ந்தே தீரும். ஆனால் கணக்கைக் காட்டி ஒருவரின் மனக்குறையைத் தீர்த்துவிட முடியாது. 'சிவிலைசேஷன்' ஆட்டத்தை உருவாக்கிய சிட் மெயர் 2010-இல் ஆட்ட வடிவமைப்பாளர்கள் மாநாட்டில் பேசும்போது, மூன்றுக்கு ஒன்று என்று சாதகமாக இருக்கும் போரில் தோற்பதை ஆட்டக்காரர்கள் அநியாயமாகவே உணர்கிறார்கள் என்றும், அதற்கேற்பத் தம் குழு கணக்கை மாற்ற வேண்டியிருந்தது என்றும் விளக்கினார். 2002-இல் ஜப்பானில் வெளியான 'ஃபயர் எம்ப்ளெம்' ஆட்டத்திலிருந்து, ஒரு தற்செயல் எண்ணுக்குப் பதிலாக இரண்டின் சராசரியை எடுத்து, திரையில் 80 என்று காட்டும் தாக்குதல் உண்மையில் அதைவிட அடிக்கடி பலிக்கும்படி செய்துவிட்டார்கள்.

தனியாக ஆடும் ஆட்டத்தில் அந்த உத்தியை நான் குறை சொல்ல மாட்டேன். மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டத்தில், திரையில் ஒரு எண்ணும் உள்ளே வேறொரு எண்ணும் இருப்பது நம்பிக்கையைக் குலைக்கும் என்பது என் உறுதியான கருத்து. 2018-இல் வந்த 'இன்டு தி பிரீச்' ஆட்டத்தில், எதிரி அடுத்து எங்கே தாக்கப்போகிறான் என்பதை முன்கூட்டியே காட்டிவிடுவார்கள். எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்குள் அதைச் சமாளிப்பதே ஆட்டம். அதே போல், அடுத்த மாதம் எந்தக் கட்டங்களில் புயல் வரும் என்பதை ஒரு மாதம் முன்பே கருமேகமாகக் காட்டிவிடும்படி சொன்னேன். இப்போது புயலில் கப்பலை இழப்பவர் துணிந்து போனவர். தம் முடிவின் விளைவு அது என்று அவருக்கே தெரிகிறது.

வருகிறவர்கள் நிலைக்கத் தொடங்கிய பிறகுதான், அறை ஏன் காலியாகக் கிடக்கிறது என்ற கேள்வியைக் கையில் எடுத்தோம். தம்பி கொண்டுவந்த புள்ளிவிவரத்தை வைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டேன். 200 பேர் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 400 மணி நேரம். ஒரு வாரத்தில் இருப்பது 168 மணி நேரம். வகுத்துப் பார்த்தால், எந்த நேரத்திலும் உள்ளே இருக்கக்கூடியவர்கள் சராசரியாக இரண்டரைப் பேருக்கும் குறைவு. நான்கு பேர் வரை கூடி ஆடும் மேசைக்கு அது எப்படிப் போதும்? தனியாக உள்ளே வந்து, ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டு, "இதை யாருமே ஆடுவதில்லை" என்ற முடிவோடு ஒருவர் வெளியேறுகிறார். அடுத்த கால் மணி நேரத்தில் இன்னொருவர் வந்து அதே முடிவோடு போகிறார். இருவரும் சந்தித்திருந்தால் ஒரு நல்ல ஆட்டம் நடந்திருக்கும்.

ஆளில்லை என்று நினைத்து விளம்பரத்துக்குப் பணம் செலவிட இருந்தவர்களிடம், உங்களுக்கு ஆள் இருக்கிறார்கள், நேரந்தான் சிதறிக் கிடக்கிறது என்று சொன்னேன். தமிழ்நாட்டில் என் அம்மாவின் ஊர் மிகச் சிறியது. அங்கே தினமும் கடை விரித்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் வாரத்தில் ஒரு நாள் கூடும் சந்தையில் சுற்றுவட்டாரமே திரண்டுவிடும். ஒரு நாள், ஒரு நேரம், ஓரிடம் என்று எல்லோர் மனத்திலும் பதிந்துபோனதால் வருவது அந்தக் கூட்டம். ஆயிரக்கணக்கானோர் ஆடும் பெரிய ஆட்டம் எப்போதும் திறந்திருக்கும் பேரங்காடி. இருநூறு பேர் கொண்ட ஆட்டம் வாரச்சந்தையாகத்தான் பிழைக்க முடியும்.

எந்த நேரம் என்பதைத் தீர்மானிக்க உலகக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்தோம். தமிழர்கள் ஆடும் ஆட்டம் என்பதால், ஆட்டக்காரர்கள் இங்கு மட்டுமின்றிச் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்தார்கள். சிங்கப்பூரில் சனிக்கிழமை இரவு 10 மணி என்றால், சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மாலை 7.30, கோடைக்காலக் கணக்கில் லண்டனில் பிற்பகல் 3 மணி, டொரொன்டோவில் காலை 10 மணி. ஒருவரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. சிட்னியில் மட்டும் நள்ளிரவு ஆகிவிடுகிறது, அங்கிருக்கும் மூவரிடம் அதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். நேரத்தை ஒரு முறை அறிவித்துவிட்டால், எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். முதல் சனிக்கிழமை ஏழு பேர்தான் வந்தார்கள். தம்பியின் நண்பர் வெள்ளிக்கிழமைக்கு மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். மாற்றவில்லை. ஆறாவது வாரம் முப்பத்தொரு பேர் வந்தார்கள்.

அந்த நேரத்துக்கு வர இயலாதவர்களுக்காக, ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் நகர்த்தும் நிதான ஆட்டம் ஒன்றையும் சேர்த்தார்கள். இதில் புதுமை எதுவும் இல்லை. 1959-இல் வெளிவந்த 'டிப்ளமசி' என்னும் பலகை விளையாட்டை 1963 முதல் தபால்வழியாகவே ஆடிவந்திருக்கிறார்கள். அனைவரும் தத்தம் நகர்வை எழுதி அனுப்ப, நடுவர் அவற்றைத் தொகுத்துத் திருப்பி அனுப்புவார். ஒரு சுற்று முடிய வாரக்கணக்கில் ஆனபோதும் ஆடினார்கள் என்றால், ஒரு நாள் காத்திருப்பது பெரிய காரியமன்று.

சமூகம் வளரத் தொடங்கியதும் எழுந்த சிக்கல்தான் எல்லாவற்றிலும் கடினமானது. முதல் நாளிலிருந்தே உடன் இருக்கும் ஓர் ஆட்டக்காரர், 300 மணி நேரத்துக்கும் மேல் ஆடியவர். அவர் எழுதிய கருத்துகளின் தரம் மிக உயர்ந்தது. சரக்கு விலைக் கணக்கில் இருந்த பிழையை அவர்தான் கண்டுபிடித்தார். ஆனால் புதியவர் யாராவது கேள்வி கேட்டால், "இதுகூடத் தெரியாமல் ஏன் வருகிறீர்கள்?" என்று எழுதுவார். ஆட்டத்திலும் புதியவர்களின் கப்பல்களைத் தேடித்தேடி மறித்து, எட்டாம் மாதத்துக்குள் அவர்களை வெளியேற்றிவிடுவார். அவரைக் கண்டிக்கத் தம்பிக்கு மனம் வரவில்லை. யாருமே இல்லாத காலத்தில் கூட இருந்தவர் அவர் என்ற நன்றி ஒரு பக்கம், அவர் போய்விட்டால் உள்ளதும் போய்விடுமே என்ற அச்சம் ஒரு பக்கம். அந்த நன்றி நியாயமானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவரால் மனம் நொந்து சொல்லாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று பட்டியலைப் பார்க்கச் சொன்னேன். அவருக்கு எதிராக முதல் ஆட்டம் ஆடிய பதினொரு பேரில் ஒன்பது பேர் மீண்டும் வரவே இல்லை. அந்த ஒன்பது பேரும் எந்தக் கருத்தும் எழுதியதில்லை என்பதால், அவர்கள் இழப்பு யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டு காரியங்களைச் செய்தார்கள். முதலாவது, நாவடக்கத்துக்கான விதி. இரண்டு முறை எச்சரிக்கை, மூன்றாம் முறை ஒரு வாரம் பேசத் தடை. பழையவர், புதியவர் என்ற வேறுபாடு கிடையாது. இரண்டாவது யோசனை எனக்கு என் தாத்தாவிடமிருந்து வந்தது. சிறு வயதில் அவர் சிமென்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, புளியங்கொட்டைகளை வைத்து ஆடுபுலி ஆட்டம் சொல்லிக் கொடுத்தபோது, எப்போதும் புலியை என்னிடம் கொடுத்துவிட்டு ஆட்டைத் தாம் எடுத்துக்கொள்வார். மூன்று புலிக்கு வேலை எளிது, தாண்டி வெட்டினால் போதும். பதினைந்து ஆடுகளையும் ஒன்றுக்கொன்று துணையாக நிறுத்திப் புலியை மடக்குவதற்குத்தான் தேர்ச்சி வேண்டும். கற்றுக்கொள்பவருக்கு எளிய பக்கம், கற்றவருக்குக் கடினமான பக்கம். இருவருக்கும் ஆட்டத்தில் சுவை குறையாது. இங்கும் அப்படியே செய்தார்கள். ஐந்து ஆட்டத்துக்குக் குறைவாக ஆடியவருக்கு நாகப்பட்டினத்துக் குழு கிடைக்கும். தொடக்கத்திலேயே மூன்று கப்பல், விலைபோகும் துணி. ஐம்பது ஆட்டத்தைத் தாண்டியவருக்கு ஒரே ஒரு கப்பலுடன் பாரூஸ் குழு. முந்நூறு மணி நேரம் ஆடிய அந்த அன்பர் ஒரு முறை தடைக்கு உள்ளானார், ஒரு வாரம் கழித்துத் திரும்பினார். ஒரே கப்பலுடன் எப்படி வெல்வது என்பதில் இப்போது மூழ்கிக் கிடக்கிறார். தம்மை வென்ற ஒரு தொடக்கக் கல்லூரி மாணவிக்கு அவர் எழுதிய பாராட்டை நான் படித்தேன்.

தமிழ் எழுத்துருவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் இதில் பலர் இடறுவார்கள். எ, ஏ, ஐ உயிர்க்குறிகள் கணினியின் நினைவில் மெய்க்குப் பின்னால் சேமிக்கப்பட்டு, திரையில் மெய்க்கு முன்னால் வர வேண்டியவை. அவர்கள் முதலில் பயன்படுத்திய மென்பொருள் அதைச் செய்யாததால், "தென்மேற்கு" என்ற சொல்லில் இரண்டு கொம்புகளும் எழுத்துக்குப் பின்னால் போய் நின்றன. பருவக்காற்றைப் பற்றிய ஆட்டத்தில் அந்தச் சொல்லே உடைந்து கிடந்தால் எப்படி? ஆட்டங்களை உருவாக்க உதவும் கோடோ என்னும் மென்பொருளின் 2023 மார்ச்சில் வெளிவந்த 4.0 பதிப்பு இத்தகைய எழுத்துகளை முறையாக அமைத்துவிடுவதால், முழு ஆட்டத்தையும் அதற்கு மாற்றினார்கள். அந்த வேலையின் நடுவில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, வாடை, தென்றல், கொண்டல், கோடை என்று நான்கு திசைக் காற்றுக்கும் நமக்குப் பெயர் இருக்கும்போது திசைப் பெயரை ஏன் ஒட்ட வேண்டும் என்று கேட்டார். யாழ்ப்பாண வழிவந்த ஓர் ஆட்டக்காரர், தென்மேற்குக் காற்றைத் தம் வீட்டில் சோளகம் என்பார்கள் என்று சேர்த்துக்கொண்டார். இப்போது வடகிழக்குக் காற்று வாடையாகவும் தென்மேற்குக் காற்று சோளகமாகவும் ஆட்டத்தில் வீசுகின்றன. ஆட்டமே ஆடாத ஒருவரின் கருத்து ஆட்டத்தின் முகத்தை மாற்றிய இடம் இது.

சிங்கப்பூரை ஒரு பெரிய துறைமுகமாக வைக்கச் சொல்லி இங்குள்ளவர்கள் பலர் கேட்டார்கள். அதை ஏற்க வேண்டாம் என்றேன். ஃபோர்ட் கேனிங் குன்றில் 1984 முதல் நடந்த அகழாய்வுகள் காட்டும் செழிப்பான துறைமுகம் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1088-இல் அது கப்பல் ஒதுங்கும் ஒரு தீவாக மட்டும் வரைபடத்தில் இருக்கிறது.

வெளியீட்டைப் பொறுத்தவரை நான் சொன்னது அவசரப்பட வேண்டாம் என்பதுதான். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையதளத்தில் ஓர் ஆட்டத்தைப் பதிய 100 அமெரிக்க டாலர் கட்டினால் போதும். அது பெரிய தடையன்று. வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது அங்குள்ள விதி. ஆகவே முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஒருவர் ஒரு முழுப் பயணம் போய்த் திரும்பி, இலாபத்தையும் பார்த்திருக்க வேண்டும். மாதிரிப் பதிப்புகளுக்கான நெக்ஸ்ட் ஃபெஸ்ட் திருவிழாவில் ஓர் ஆட்டம் ஒரே முறைதான் கலந்துகொள்ள முடியும்; சனிக்கிழமைச் சந்தை உறுதியாக நிலைத்த பிறகு அதைப் பயன்படுத்தினால், புதிதாக வருகிறவருக்கு உட்கார ஒரு மேசை காத்திருக்கும்.

சென்ற சனிக்கிழமை ஒன்பது மேசைகள் நடந்தன. எட்டாவது மாடித் தாதிக்கு அன்று இரவுப் பணி. அவர் நிதான ஆட்டத்தில், வேலைக்குப் போகும் பெருவிரைவு ரயிலில் ஒரு நாளைக்கு ஒரு நகர்வு வீதம் தம் இரண்டாவது கப்பலைப் பாரூஸுக்கு ஓட்டிக்கொண்டிருக்கிறார். இன்னும் தீராமல் இருக்கும் சிக்கல், ஆட்டத்தின் நடுவில் ஒருவர் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்பது. கணினியே அவர் இடத்தில் ஆடட்டும் என்கிறார் தம்பி. மேசை கிடைக்காமல் காத்திருக்கும் ஒருவரிடம் அந்தக் குழுவை ஒப்படைக்கலாம் என்பது என் விருப்பம். வரும் சனிக்கிழமை இரண்டு மேசைகளில் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்கவிருக்கிறோம்.